மாபெரும் பல் பெயர்ச்சி விழா

பல்லேபொல போகும் பாதையில் மூன்று வருடமாக மூடிக் கிடந்த ஸ்பைஸ் கார்டனில் ஒரே மாதத்தில் ஜனம் குவிந்தது. கறுவாப்பட்டை வாங்க அல்ல. கடிக்க.

ஆமாம், கடிக்கத்தான். மாத்தளையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். சீகிரியாவிலிருந்து ஒரே ஆட்டோவில் ஏழு பேர் அடைந்து வந்தார்கள். வரிசையில் நின்று, பிஸ்கட் அளவு மெழுகுத் துண்டு ஒன்றை நறுக்கென்று கடித்துக் கொடுத்துவிட்டு, பிறவிப் பயனை அடைந்தவர்களாகத் திரும்பிப் போனார்கள். ஊரில் இரண்டு பேர் சந்தித்தால், ஸலாத்துக்கும் வணக்கத்துக்கும் அடுத்த கேள்வி இதுதான்: "கடி குடுத்தாச்சா?"

கடியை வாங்கியவர் பேராசிரியர் சசிக்குமார். எந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம். உண்மையில் மனிதர் பதினான்கு வருடம் ஸ்பைஸ் கார்டன்களில் வழிகாட்டியாக இருந்தவர். வழுக்கைத் தலை ஜெர்மன்காரருக்கு முடி வளரும் எண்ணெயையும், முடி அடர்ந்த இத்தாலிக்காரருக்கு முடி உதிரும் களிம்பையும் ஒரே அலுமாரியிலிருந்து எடுத்து விற்ற கை அது. வெள்ளைக்காரர் வரத்துக் குறைந்ததும் அந்தக் கை உள்ளூர்ப் பக்கம் நீண்டது.

அவருடைய கொள்கை மிக எளிது. வெயிலில் விற்றமின் டி இருக்கிறது. விற்றமின் டி பல்லை நகர்த்துகிறது. ஆனால் வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் நிற்க யாருக்கு நேரம்? ஆகவே உங்கள் கடியை வெயிலில் வைத்தால் போதும். கடி குடிக்கிற விற்றமின், உரியவர் எங்கே இருந்தாலும் அவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"கொழும்புல இருந்து ரீலோட் போட்டா இங்க போன்ல ஏறுதா இல்லியா?" என்று கேட்பார் பேராசிரியர்.

"ஏறுதுங்க!" என்று கூட்டம் சொல்லும்.

"அப்ப விற்றமின் மட்டும் ஏறாதா? அதோட ஊர்ப் பேரப் பாருங்க. பல்லேபொல. பல்லுதான் முன்னால நிக்குது. இதெல்லாம் சும்மா நடக்குமா?"

கூட்டம் ஆச்சரியத்தில் வாயைத் திறக்கும். திறந்த வாயில் பேராசிரியர் உடனே ஒரு மெழுகுத் துண்டை வைத்துவிடுவார்.

ஒரு காலத்தில் மிளகும் கராம்பும் காய்ந்த சீமெந்து முற்றத்தில் இப்போது தகரத் தட்டுகளில் பற்கள் காய்ந்தன. ஒவ்வொரு கடியிலும் ஊசியால் கீறிய பெயர். இதிலும் வகுப்பு உண்டு. பலாமர நிழல் விழும் பின்வரிசை சாதாரண வெயில். முன்வரிசை விசேட வெயில், காசும் இரட்டிப்பு. சூரியனுக்கே டிக்கெட் அடித்த முதல் மனிதர் நம் பேராசிரியர்தான். தம்புள்ளையிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் வந்து, தன் கடியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார், இரண்டு பக்கமும் சமமாக விற்றமின் ஏற வேண்டுமே!

ஒரு புதன்கிழமை வெயில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. பதினேழு பேருடைய கடி வழிந்து ஒன்றாகி, தட்டில் வெறும் மெழுகுக் குளம்தான் நின்றது. வேறு யாராக இருந்தாலும் வியர்த்துப் போயிருப்பார்கள். பேராசிரியர் அதற்குக் "கூட்டு உறிஞ்சல்" என்று பெயர் வைத்தார். அந்தப் பதினேழு பேரையும் ஊரே கைகொடுத்து வாழ்த்தியது.

மஸீனாவும் போய் வாழ்த்திவிட்டு வந்தாள்.

மஸீனாவை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. மாத்தளை டவுனில் அவளுக்குப் பழைய மீன் விற்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள், வாலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் விலை கேட்பாள். அப்படிப்பட்டவள் பேராசிரியரை மட்டும் ஒன்றும் தூக்கிப் பார்க்காமல் நம்பினாள். காரணம் நப்லா.

நப்லா மகள். பதினெட்டு வயது, ஏ.எல். படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே மேல்வரிசை முன்பற்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போய்விடும். அந்தக் கையைக் காணும்போதெல்லாம் மஸீனாவுக்கு நெஞ்சு வலித்தது. மூன்று வருடம் காத்திருந்துதான் கண்டி கிளினிக்கில் இடம் கிடைத்தது. கம்பி போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வருடம் போட வேண்டும். இடையில் கழற்றினால் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடும், மறுபடி வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் மதினி றுஸைனா தன் மகளின் கல்யாண அழைப்போடு வந்து குந்தினாள்.

"ரெண்டு மாசத்துல கல்யாணம். போட்டோவுல உங்கட புள்ள வாய்க்குள்ள வேலி கட்டிக்கிட்டா நிக்கப் போறா?" என்றாள் றுஸைனா. "நான் புரொபசர்ட்ட கேட்டுட்டேன் மதினி. கம்பி இரும்பாம். இரும்பு விற்றமின்ன மறிச்சிடுமாம். விழா அன்னிக்கு அவரே கையோட கழட்டித் தாறாராம். ஒரு மாசத்துல பல்லு தானா உள்ள போயிடுமாம்."

விழா என்பது மாபெரும் பல் பெயர்ச்சி விழா. சனி பெயர்கிறது, குரு பெயர்கிறது, பல் பெயரக் கூடாதா? பஸ் ஸ்டாண்டில் பெனர் கட்டியாயிற்று.

நப்லா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உம்மா, நான் போன கிளினிக்ல டாக்டர்ட்டயே கேட்டேன். பல்லு நகர்றது கம்பி தள்ளுறதால. தள்ளுற பக்கம் எலும்பு கரையும், மத்தப் பக்கம் புதுசா வளரும். அந்த எலும்பு வேலைக்கு விற்றமின் டியும் வேணும்தான். உடம்புல அது கொறஞ்சா பல்லு நகர்றது சொணங்குமான்னு ஆராய்ச்சி நடக்குது, இன்னும் முடிவா ஒண்டும் சொல்லேலாதாம். சந்தேகம்னா ரத்தம் எடுத்துப் பாக்கலாம்னாங்க. மெழுகக் கடிக்கச் சொல்லல்ல."

மஸீனா இதில் ஒரே ஒரு வரியைத்தான் கேட்டாள்.

"பாத்தியா! விற்றமின் வேணும்னு டாக்டரே சொல்லிட்டாங்க!"

இப்படித்தான் நடக்கிறது. முழுப் பொய்யை யாரும் வாங்குவதில்லை. ஒரு சிட்டிகை உண்மையைத் தூவிக் கொடுத்தால் சட்டியோடு வாங்கிப் போகிறார்கள்.

வீட்டில் மூன்று பேர் கடி கொடுத்தால் மூன்றும் முன்வரிசை வெயிலுக்குப் போகும், "குடும்பப் பெக்கேஜ்". மஸீனா தன் கடியைக் கொடுத்தாள். நப்லாவும், உம்மாவின் கண்ணீருக்குப் பயந்து, ஒரு துண்டைக் கடித்துத் தொலைத்தாள். மூன்றாவது ஆள் கணவர் அப்துல் ஸமத். அங்கேதான் சிக்கல்.

அப்துல் ஸமத் தம்புள்ளை மொத்தச் சந்தையில் மிளகாய் வியாபாரி. அவருடைய சரக்கைவிட அவருடைய சிரிப்புக்குத்தான் அங்கே பேர். வெண்முத்து வரிசை. "ஸமத் நானா சிரிச்சா ஒரு மூட்ட கூடவே போட்டுக்கலாம்" என்பார்கள். அந்தச் சிரிப்பின் மேல்வரிசை முழுவதும் பல் செட் என்பது உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன் நாவுல வளைவில் லொறி குலுங்கி, ஸ்டியரிங்கில் முகம் மோதி, பற்கள் போயின. மாத்தளையில் கட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று குருநாகலுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். மஸீனாவும் நப்லாவும் வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

சந்தை முடிந்து வந்து பகலில் தூங்குவது அவர் வழக்கம். அப்படி ஒரு மத்தியானம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, தலைமாட்டில் கண்ணாடித் தம்ளருக்குள் பல் செட் சிரித்துக்கொண்டிருந்தது. மஸீனா பூனை நடை நடந்து அதை எடுத்தாள். குசினிக்குக் கொண்டுபோய், மெழுகில் வைத்து, இரண்டு பெருவிரலாலும் அமுக்கினாள்.

"உம்மா!" என்றது பின்னால் ஒரு குரல்.

மஸீனா துள்ளி விழுந்தாள். நப்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பிளாஸ்டிக் பல்லுக்கு எதுக்கும்மா விற்றமின்?"

"சத்தம் போடாத! முன்வரிசைக்கு மூணு கடி வேணும்."

"சரி, புரொபசர் கேட்டா?"

"கேக்கத் தேவல்ல. அவர் பாத்த ஒடனேயே கண்டுபிடிச்சிடுவார். எவ்வளவு படிச்ச மனுசன்!" என்றாள் மஸீனா. சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. கண்டுபிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே!

நப்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப ஒரு ஒப்பந்தம். இது பல் செட்டுன்னு அவர் கண்டுபிடிச்சா, நானே வாயத் திறந்து காட்டுறேன், கம்பியக் கழட்டட்டும். இந்தப் பல்லும் நகர்ந்திருக்குன்னு சொன்னா, நீங்க கம்பியப் பத்திப் பேசவே கூடாது. சரியா?"

"சரி," என்றாள் மஸீனா. பேராசிரியர்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நப்லா இன்னொரு மெழுகுத் துண்டை எடுத்தாள். அதே பல் செட்டை அதிலும் அமுக்கினாள். தாளில் சுற்றி, பிரிட்ஜில் பட்டர் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று மஸீனா கேட்கவில்லை. அவள் மனது வேறு கவலையில் கிடந்தது.

மூன்று வாரம் மஸீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞானி கண்டுபிடிக்கப் போகிறார், ஆயிரம் பேர் முன்னால் "இது பல் செட்" என்று சொல்லப் போகிறார், ஸமத் நானாவின் மானம் கப்பலேறப் போகிறது! தான் ஏமாற்றப்படுவதைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்காமல், தான் ஏமாற்றியதைப் பற்றியே இரவும் பகலும் நடுங்கினாள். இந்த அளவு நாணயமான வாடிக்கையாளர்கள் கிடைத்தால் எந்த மோசடிக்காரனுக்குத்தான் கசக்கும்? ஒருநாள் ரொட்டிக்குப் பூச பட்டர் என்று தாளைப் பிரித்தாள். உள்ளேயிருந்து கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கரண்டி கையிலிருந்து விழுந்தது.

விழா நாள் வந்தது.

அப்துல் ஸமதை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. லொறியை ஸ்பைஸ் கார்டன் கேட்டருகே ஓரம்கட்டிவிட்டு, மனிதர் வெள்ளைச் சாரத்தோடு வாசலில் நின்று முரண்டு பிடித்தார்.

"அங்க பல்லப் பத்தி யாரும் கேட்டா என்ன சொல்றது?"

"நீங்க வாயே திறக்காதீங்க, நப்லாட வாப்பா."

"வாயத் திறக்காம எப்படி மஸீனா கடிக்கிறது?"

மஸீனா அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்தாள். உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

பந்தலுக்குள் ஊசி விழ இடமில்லை. ஒலிபெருக்கி, பூமாலை, சிவப்புத் துணி போர்த்திய மேசை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, புதிதாக ஒரு கடி வாங்கி, மூன்று வாரம் வெயில் காய்ந்த பழைய கடியைப் பக்கத்தில் வைத்து, கோடு போட்ட கண்ணாடித் தாளால் அளந்தார் பேராசிரியர். எல்லாருக்கும் வித்தியாசம் இருந்தது. ஒருவருக்கு ஒரு மில்லிமீற்றர். ஒருவருக்கு ஒன்றரை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மாரிமுத்து வீட்டில் நான்கு பேர் கடி கொடுத்திருந்தார்கள், நான்கும் நகர்ந்திருந்தன. கைதட்டல் காதைப் பிளந்தது.

"அப்துல் ஸமத்!"

மஸீனா கண்ணை மூடிக்கொண்டாள். யா அல்லாஹ், இந்த மனுசன்ட மானத்தக் காப்பாத்து.

அப்துல் ஸமத் கடித்தார். பேராசிரியர் பழைய கடியைக் கையில் எடுத்தார். தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். மஸீனா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டரை மில்லிமீற்றர்!" என்று அலறினார் பேராசிரியர். "இந்த முகாமுலயே இவருக்குத்தான் முதலிடம்! என்ன ஒரு உயிரோட்டமுள்ள பல்லு! வேர்ல இருந்து அப்படியே நடந்து வந்திருக்கு! சிரிங்க ஐயா, ஜனங்க பாக்கட்டும்!"

அப்துல் ஸமத் சிரித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மாலை கழுத்தில் விழுந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்று மஸீனா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். மானம் தப்பியது. கண்டுபிடிக்கவில்லை.

கண்டுபிடிக்கவில்லையா?

பெருமூச்சு பாதியில் நின்றது. வேரா? எந்த வேர்? குருநாகலில் அச்சில் வார்த்த பல்லுக்கு எங்கே வேர்? மூன்று வாரத்தில் முதல்தடவையாக, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மஸீனா விழித்துக்கொண்டாள்.

அதற்குள் ஒலிபெருக்கி "நப்லா!" என்றது. றுஸைனா பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். பேராசிரியர் சிவப்புத் துணிக்கு அடியிலிருந்து ஒரு குறட்டை எடுத்தார். ஆட்டோவுக்கு ஆணி முறுக்குகிற சாதாரணக் குறடு. நுனியில் கிறீஸ்கூடத் துடைபடவில்லை.

நப்லா திமிறவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உம்மாவையே பார்த்தாள். ஒப்பந்தத்தில் யார் வென்றது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் வாப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறாள், அவள் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியது மஸீனாதான்.

பதினான்கு மாதக் கம்பி. மூன்று வருட வரிசை. ஒன்பது வயதிலிருந்து வாயை மூடும் அந்தக் கை. குறடு உதட்டை நெருங்கியது.

"நப்லாட வாப்பா!" என்று மஸீனா போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கியே கீச்சிட்டது. "பல்லக் கழட்டுங்க!"

பந்தல் திகைத்துப் போனது. அப்துல் ஸமத் மாலையும் கழுத்துமாக விறைத்து நின்றார். மனைவியைப் பார்த்தார். குறட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்தார். பிறகு மனிதர் பெருவிரலை வாய்க்குள் விட்டார். டப்பென்று ஒரு சத்தம். மேல்வரிசை முழுவதும் உள்ளங்கையில் வந்து நின்றது.

"இந்தாங்க பேராசிழியழ்," என்றார் பொக்கை வாயால். "வேழ் எங்கன்னு காட்டுங்க."

பேராசிரியர் சளைக்கவில்லை. பதினான்கு வருட அனுபவமாயிற்றே!

"பாத்தீங்களா ஜனங்களே!" என்று கையை உயர்த்தினார். "பிளாஸ்டிக் பல்லக்கூட நகர்த்தியிருக்கு நம்ம விற்றமின்!"

பாதிக் கூட்டம் கைதட்டியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், உண்மையாகவே தட்டியது.

"அப்படியாங்க?" என்று எழுந்தார் மாரிமுத்து. "அப்ப எங்க வீட்டு நாலு காலு பிளாஸ்டிக் கதிர பதினஞ்சு வருஷமா முத்தத்து வெயில்லதான் கெடக்கு. வச்ச எடத்துலதானே நிக்குது, இந்நேரம் கண்டிக்கு நடந்து போயிருக்க வேணாமா?"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே நப்லா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே தாளில் சுற்றிய மெழுகு.

"இதுவும் அதே பல் செட்டோட கடிதான். அதே நாள், அதே மெழுகு. ஒண்டு மூணு வாரம் இங்க வெயில்ல இருந்திச்சு. இது எங்கட வீட்டு பிரிட்ஜுல இருந்திச்சு. மாரிமுத்து அங்கிள், நீங்களே வச்சுப் பாருங்க."

மாரிமுத்து பல் செட்டை வாங்கி, வேட்டியில் ஒருதரம் துடைத்து, பிரிட்ஜ் மெழுகில் வைத்தார். அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது. சற்று முன் கடித்த புதுக் கடியில் வைத்தார். அதிலும் பொருந்தியது. வெயில் காய்ந்த கடியில் வைத்தார். ஏறவில்லை. திருப்பினார், அமுக்கினார். ஊஹூம்.

"பல்லு நகரல்லீங்க," என்றார் மாரிமுத்து மெதுவாக. "மெழுகுதான் இளகி நெளிஞ்சிருக்கு."

"வெயில்ல மெழுகு உருகும்," என்றாள் நப்லா. "அவ்வளவுதான் விசயம்."

ஆயிரம் பேர் இருந்த பந்தலில் இது தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லாருக்கும் தெரியும். யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கூட்டம் மேசையை நோக்கி நகர ஆரம்பித்தது. பேராசிரியர் பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்தார். பயத்தில் பழைய தொழில் நாக்கில் வந்துவிட்டது போலும். "இந்தப் பக்கம் பாருங்க, இது கறுவா... அதோ அது சாதிக்காய்..." என்று கையைக் காட்டினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை பேரும் திரும்பிச் சாதிக்காய் மரத்தைப் பார்த்தார்கள். மறுபடி திரும்பியபோது பேராசிரியர் ஆட்டோவுக்குள் இருந்தார்.

ஆனால் கேட்டுக்குக் குறுக்கே இப்போது மிளகாய் லொறி நின்றது. சாவியைச் சுழற்றிக்கொண்டு, மாலையைக்கூடக் கழற்றாமல், அப்துல் ஸமத் அதன் மிதிபலகையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியரைப் பார்த்து வாய் நிறைய, பல் இல்லாமல், சிரித்தார். வாங்கிய காசு அத்தனையும் அன்று மாலைக்குள் வரிசைப்படி திரும்பி வந்தது. குறடு ஆட்டோக்காரனுக்குப் போனது. பேராசிரியரைப் பொலிஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த மாதம் கல்யாணப் போட்டோவில் நப்லா கம்பியோடுதான் நின்றாள். பக்கத்தில் வாப்பா ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. அந்தப் போட்டோவை மஸீனா பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருக்கிறாள், தினமும் ஒருதரம் துடைக்கிறாள். சந்தையில் அப்துல் ஸமதின் வியாபாரமும் படுக்கவில்லை. இப்போது யாராவது விலையில் முரண்டு பிடித்தால், மனிதர் பல்லைக் கழற்றித் தராசில் வைத்துவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை றுஸைனா போன் எடுத்தாள். "மதினி, மெழுகு உருகும்தான், ஒத்துக்குறேன். ஆனா சீகிரியாப் பக்கம் ஒருத்தர் களிமண்ணுல கடி எடுக்குறாராம். களிமண்ணு உருகாதே?"

மஸீனா ஒரு வினாடி யோசித்தாள். அந்த ஒரு வினாடிதான் அவள் இந்தக் கதையில் சம்பாதித்தது.

"மதினி, ராத்திரியில பல்லக் கழட்டித் தம்ளர்ல போட்டு வைக்கலாம், காலைல எடுத்து மாட்டிக்கலாம்," என்றாள். "மூளையக் கழட்டி வச்சுட்டுப் போனா, எவனாவது அதையும் எடுத்து வெயில்ல காயப் போட்டுடுவான்."